பிளஸ் பக்கம் நின்ற முள்

கடை ஷட்டரை முக்கால்வாசி தூக்குவதற்குள் வேன் வந்து நின்றது. பீப்பாய் இறங்கினான். லாரி ஷெட் முதலாளியின் அடியாள். உடம்புக்கேற்ற பட்டப்பேர், பெற்றவர்கள் வைத்த பேரை அவனே மறந்திருப்பான். வலது கை முட்டிகளில் தோல் உரிந்து ரத்தம் காய்ந்து கிடந்தது. யாரையோ வெகுநேரம் அடித்த கை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"கிளம்பு. மீட்டர், டூல்ஸ் எல்லாத்தையும் எடுத்துக்கோ," என்றான்.

"காலங்காத்தால யாரு வண்டி?"

"மொதலாளி காரு."

"அந்தக் கிழட்டுக் காரா? கட்டி இழுத்துட்டு வா, பார்க்கறேன். கூப்பிட்ட எடத்துக்கெல்லாம் ஓடி வர நான் என்ன உங்க வீட்டு வேலைக்காரனா?"

பீப்பாய் என் காலரைப் பிடித்து ஷட்டரில் ஒரு மோது மோதினான். அந்தத் தகரச் சத்தத்துக்குப் பக்கத்துக் கடைக்காரர் தலையை நீட்டினார். ஆளைப் பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"சின்னவரு செத்துட்டாரு. உன் தங்கச்சி புருஷன் ஷெட்ல இருக்கான். இப்பவரைக்கும் உயிரோடதான் இருக்கான். சீக்கிரம் வந்தா உனக்குத்தான் நல்லது."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அம்மாவே என்னை வாயாடி என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் அதற்கு மேல் நான் பேசவில்லை. பையை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினேன்.

என் மாப்பிள்ளைதான் அந்தக் காரின் டிரைவர். தங்கமான மனுஷன் என்று ஊரே சொல்லும். எனக்கு அவனைக் கண்டாலே எரிச்சல். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. டீயில் ஈ மிதந்தால் ஈயை ஓரமாகத் தள்ளிவிட்டுக் குடிப்பானே தவிர, கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டான். இப்படிப்பட்டவனுக்குத் தங்கச்சியைக் கொடுத்தோமே என்று நான் பல்லைக் கடிக்காத நாளில்லை.

நடந்ததை வேனில் போகும்போது பீப்பாய் சொன்னான். முந்தின நாள் இருட்டுகிற நேரத்தில் முதலாளியும் அவருடைய தம்பியும் தொழில் எதிராளியின் கிடங்குக்குப் பேச்சுவார்த்தைக்குப் போயிருக்கிறார்கள். தம்பியைத்தான் எல்லாரும் சின்னவர் என்போம். பேச்சு முறிந்து, இரண்டு பக்கமும் சட்டையைப் பிடித்து, எப்படியோ வெளியே வந்து காரில் ஏறினால் கார் கிளம்பவில்லை. ஸ்டார்ட்டர் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டதோடு சரி. சின்னவர் இறங்கிப் பின்னால் போய்த் தள்ளினார். கிடங்குக் கதவு திறந்து நாலைந்து பேர் அரிவாளோடு வந்தார்கள். முதல் வெட்டு கழுத்தில் விழுந்தது. டிக்கி மேலேயே கவிழ்ந்தார். முதலாளி இறங்கி ஓடிவந்து குறுக்கே கையைக் கொடுக்க, அவருடைய முழங்கைக்குக் கீழே ஒரு வெட்டு. என் மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உறைந்துபோயிருக்கிறான். ஆள் கூடவும் வெட்டினவர்கள் ஓடிவிட்டார்கள், காரை அப்புறம் ஒரு லாரியில் கட்டி ஷெட்டுக்கு இழுத்து வந்திருக்கிறார்கள். விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் சின்னவர் போய்விட்டார்.

"நல்லா ஓடிட்டிருந்த வண்டி அந்த எடத்துல மட்டும் எப்படி நிக்கும்? உன் மாப்பிள்ளை அந்தப் பக்கம் வெல போயிட்டான். அவங்க உள்ள பேசிட்டிருந்தப்ப வயரை வெட்டியிருக்கான்," என்றான் பீப்பாய். மனப்பாடம் பண்ணினதை ஒப்பிப்பது மாதிரி சொன்னான். ரோட்டைவிட்டு அவன் கண் நகரவில்லை.

ஷெட் வாசலில் என் தங்கச்சி நின்றிருந்தாள். ராத்திரி முழுக்க அங்கேயேதான் இருந்திருக்கிறாள், முந்தானையெல்லாம் மண். உள்ளே விடவில்லை. வேனைப் பார்த்ததும் ஓடிவந்து கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தாள்.

"அண்ணா, அவரு எதுவும் பண்ணியிருக்க மாட்டாரு. அவரைக் கூட்டிட்டுத்தான் நீ வெளிய வரணும். தனியா வந்தியோ, என் மூஞ்சியில முழிக்காத."

வாட்ச்மேன் அவளை இழுத்து ஓரமாக்கினான். வேன் உள்ளே போனதும் கேட் மூடிக்கொண்டது.

ஷெட் நீளமானது. தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த தரை, இரண்டு பக்கமும் லாரிகள். நடுவில் அந்தக் கார், அழுக்குத் துணிகள் நடுவே பட்டுப் புடவை வைத்த மாதிரி. டிக்கியிலும் பின்பக்க பம்பரிலும் ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. யாரும் துடைக்கவில்லை. முதலாளி ஒரு கியர் பாக்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். இடது கையில் கட்டு. கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

மாப்பிள்ளையை ஒரு லாரியின் பின் டயரோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடிக்கிடந்தது. உதடு கிழிந்து தொங்கியது. இடது கையின் விரல்கள் எந்தப் பக்கம் மடங்கக் கூடாதோ அந்தப் பக்கம் மடங்கியிருந்தன. முதுகிலும் தோளிலும் சட்டை கிழிந்து, பட்டை பட்டையாகத் தடித்திருந்தது. பக்கத்தில் தரையில் ஒரு பழைய ஃபேன் பெல்ட் கிடந்தது. லாரியில் தேய்ந்துபோய்க் கழற்றின பெல்ட். அதை இரண்டாக மடித்து அடித்திருக்கிறார்கள். பீப்பாய் போய் அதைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"வந்தியா?" என்றார் முதலாளி. "இந்த வண்டி கரண்டு வேலை உன்னை விட்டா இங்க யாருக்கும் தெரியாது. என்ன பண்ணி நிறுத்தினான்னு நீ கண்டுபிடி. அது உன் வாயாலயே வரணும். நாளைக்கு ஒருத்தனும் நான் அநியாயமா அடிச்சுக் கொன்னேன்னு சொல்லிடக் கூடாது."

"நான் அவனுக்கு மச்சான். நான் சொன்னா நம்புவீங்களா?"

"சொல்லாத. காட்டு. என் கண்ணுக்குத் தெரியற மாதிரி காட்டு. மழுப்பினேன்னு தெரிஞ்சா, அவன் பக்கத்துலயே இன்னொரு டயர் காலியாத்தான் இருக்கு." கார் பக்கம் கையை நீட்டினார். "சார்ஜ் ஏறலைன்னு மட்டும் கதை விடாத. டாஷ்போர்டுல இருக்கற சார்ஜ் மீட்டரை நானே பார்த்துட்டு வந்தேன். வழியெல்லாம் முள்ளு பிளஸ் பக்கம்தான் நின்னுச்சு. லைட்டு போட்டப்பவும் பிளஸ். சிவப்பு லைட்டும் எரியல. சார்ஜ் ஏறிட்டிருந்த வண்டி, கிடங்கு வாசல்ல நிறுத்தினப்புறம்தான் செத்துச்சு. அப்ப அதுகிட்ட இருந்தது இவன் ஒருத்தன்தான்."

யோசித்தால் நியாயமாகத்தான் பட்டது. அதுதான் என் பயமே. சார்ஜ் இல்லாமல் நிற்கிற வண்டியில் நான் எப்போதும் பேட்டரியிலிருந்துதான் தொடங்குவேன். அன்றைக்குக் கை நேராக வயர்களைத் தேடிப் போனது. எங்காவது பளபளவென்று ஒரு புது வெட்டு கண்ணில் பட்டுவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்னால் என்ன, ஒரு நிமிஷம் நானும் அவனைச் சந்தேகப்பட்டேன்.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற டைனமோவிலிருந்து போகிற இரண்டு வயரையும் விரலால் தடவிக்கொண்டே போனேன். எங்கும் வெட்டு இல்லை.

"வயர் முழுசா இருக்கு," என்றேன்.

முதலாளி பீப்பாயைப் பார்த்துத் தலையை அசைத்தார். பெல்ட் காற்றில் விசிறுகிற சத்தம் கேட்டது, அப்புறம் சதையில் விழுகிற சத்தம். மாப்பிள்ளையின் தொண்டையிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது, கத்தத் தெம்பில்லை.

"யோவ்! வயர் நல்லா இருக்குன்னுதானய்யா சொன்னேன்!"

"வயர் இல்லைன்னா வேற ஏதோ பண்ணியிருக்கான். தேடு."

காரில் டைனமோவைச் சுற்றுகிற ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். விறைப்பு சரி. டைனமோவின் பின்பக்கப் பட்டையைக் கழற்றி, உள்ளே கரண்டைக் கடத்துகிற பிரஷ்களைப் பார்த்தேன். நானே மாட்டினவை, தேய்மானமே இல்லை. ஒவ்வொன்றும் நன்றாக இருக்க இருக்க எனக்கு வியர்த்து ஊற்றியது. நான் வாயைத் திறந்து சரி என்று சொல்லும்போதெல்லாம் அங்கே அவனுக்கு ஓர் அடி விழுந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டு வேலை செய்தேன். இத்தனை வருஷத்தில் நான் பேசாமல் வேலை செய்தது அன்றைக்குத்தான்.

அடுத்து கட்-அவுட் பெட்டி. டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே நிற்கிற சின்னக் கறுப்புப் பெட்டி அது. டைனமோ போதுமான வேகத்தில் சுற்றினால் அதற்குள் இருக்கிற பாயின்ட் ஒட்டிக்கொண்டு சார்ஜை உள்ளே விடும். வேகம் குறைந்தால் பிரிந்துகொள்ளும். மூடியைத் திறந்ததும் கருகல் நாற்றம் மூக்கைக் குத்தியது. பாயின்ட் இரண்டும் வெந்து கரியாகிப்போய், ஒன்றை ஒன்று தொட முடியாமல் நின்றன. கம்பியோ கத்தியோ பட்டதால் வந்த காயமில்லை. தாங்க முடியாத கரண்டு ஒரே நேரத்தில் பாய்ந்தால்தான் இப்படி ஆகும்.

டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, சார்ஜ் இல்லாவிட்டால் எரிய வேண்டிய சிவப்பு பல்பைக் கழற்றினேன். கண்ணாடி உள்ளே கறுத்திருந்தது. பழசாகிப் போன பல்பு இப்படிக் கறுக்காது. தன் அளவைப்போல இரண்டு மடங்கு கரண்டு வாங்கி வெடித்த பல்பு. டைனமோ ஒழுங்காக இருக்கிற வண்டியில் இரண்டு மடங்கு எங்கிருந்து வரும்?

அப்போதுதான் பேட்டரிக்கு வந்தேன். புது பேட்டரி. நான் மாட்டினது அல்ல. மீட்டரை எடுத்துச் சிவப்பு வயரைப் பாடியில் வைத்தேன். இந்தக் காருக்கு மட்டும் அப்படித்தான் வைப்பேன். லாரியிலெல்லாம் பேட்டரியின் நெகட்டிவ் முனைதான் வண்டியின் உடம்போடு சேரும். அந்தக் காலத்துக் கார் இது, தலைகீழ். பாசிட்டிவ்தான் உடம்புக்கு. கறுப்பு வயரை அடுத்த முனையில் வைத்தேன்.

மீட்டர் முள் பின்பக்கமாகப் பாய்ந்து ஓரத்தில் முட்டி நின்றது.

எனக்கு முதலில் மீட்டர் மேல்தான் சந்தேகம் வந்தது. அப்புறம் குனிந்து பேட்டரியின் தலையைப் பார்த்தேன். பேட்டரியில் பாசிட்டிவ் முனை கொஞ்சம் தடிமன், நெகட்டிவ் முனை ஒல்லி. மாற்றி மாட்ட முடியக் கூடாது என்றுதான் கம்பெனிக்காரன் அப்படிச் செய்திருக்கிறான். இங்கே தடிமன் முனையில், வயர் நுனியில் இருக்கிற சின்ன கிளாம்ப்பை நெம்பி விரித்து, சுத்தியலால் அடித்து இறக்கியிருந்தது. ஈயத்தில் அடியின் பள்ளம் அப்படியே தெரிந்தது. ஒல்லி முனையில் பெரிய கிளாம்ப் லொடலொடவென்று ஆடாமல் இருக்கத் தகரத் துண்டை மடித்துச் செருகியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் முன்னே பின்னே பார்க்கத் தெரியாது. தலையைத் தூக்கிக் கத்தினேன்.

"எந்தக் கழுதைடா இந்த பேட்டரியை மாட்டினது? கண்ணு புட்டத்துலயா இருந்துச்சு?"

ஸ்பேனர் துடைத்துக்கொண்டிருந்தவன் துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். மாப்பிள்ளை நல்ல கண்ணையும் இறுக மூடிக்கொண்டான். பீப்பாய் கூரையைப் பார்த்தான்.

"நான்தான்," என்றார் முதலாளி.

எழுந்து வந்தார். வழியில் கிடந்த வீல் ஸ்பேனரை நல்ல கையில் எடுத்துக்கொண்டு வந்தார். நான் நகர்வதற்குள் அது என் விலாவில் இறங்கியது. உள்ளே ஏதோ முறிந்தது எனக்கே கேட்டது. மட்கார்டில் சாய்ந்தேன். இரண்டாவது அடி தொடையில் விழுந்து என்னைக் கீழே தள்ளியது. எண்ணெய்த் தரையில் முகம் பதிந்தது. வலி தலைக்கு ஏற ஏற, பயம் போய்விட்டது. எனக்கு எப்போதும் இப்படித்தான். அடி விழும்வரைதான் பயம்.

"அடிங்க," என்றேன் தரையில் கிடந்தபடியே. "என்னைக் கொன்னாலும் அது மாறிடுமா? பேட்டரியைத் தலைகீழா மாட்டிட்டீங்க. டைனமோ ஒரு பக்கம் தள்ளுது, பேட்டரி ஒரு பக்கம் தள்ளுது. ரெண்டும் மோதி கட்-அவுட் கருகிடுச்சு, பல்பு வெடிச்சிருச்சு. மாட்டின அன்னையிலருந்து ஒரு சொட்டு சார்ஜ் ஏறல. இருக்கறதைத் தின்னுதான் வண்டி ஓடியிருக்கு."

"பொய். முள்ளு பிளஸ்ல நின்னுச்சு. என் கண்ணால பார்த்தேன்."

"காட்டச் சொன்னீங்கல்ல? காட்டறேன். ஒரு லாரி பேட்டரியைக் கழட்டித் தரச் சொல்லுங்க."

அவர் மூச்சு வாங்க நின்றார். அப்புறம் ஸ்பேனரால் ஒரு லாரியைக் காட்டினார். ஓர் ஆள் ஓடிப்போய் பேட்டரியைக் கொண்டு வந்தான். எழுந்து நிற்கும்போது கண் இருட்டியது. செத்த பேட்டரியைக் கழற்றிவிட்டு, நல்ல பேட்டரியை முதலாளி மாட்டியிருந்த அதே மாதிரி, தலைகீழாகவே மாட்டினேன்.

"உள்ள உட்காருங்க," என்றேன்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்பேனர் மடியில் இருந்தது.

"எஞ்சின் ஓடுதா?"

"இல்ல."

"பெல்ட் சுத்துதா?"

"இல்லடா."

"ஹெட்லைட்டைப் போடுங்க."

விளக்கு எரிந்தது. எதிரே இருந்த லாரியின் முகப்பில் வெளிச்சம் விழுந்தது. சார்ஜ் மீட்டரின் முள் சாவகாசமாக நகர்ந்து பிளஸ் பக்கம் போய் நின்றது.

"எஞ்சினே ஓடல, மொதலாளி. இந்த சார்ஜ் எங்கிருந்து வருது?"

அவர் விளக்கை அணைத்தார், முள் நடுவுக்கு வந்தது. மறுபடி போட்டார், பிளஸ். நான் போய் இரண்டு கிளாம்ப்பையும் கழற்றி ஒழுங்கான முனைகளில் மாட்டினேன். சுத்தியல் தேவைப்படவில்லை, முனைகள் தாமாக உட்கார்ந்தன. "இப்பப் போடுங்க," என்றேன். முள் மைனஸ் பக்கம் சாய்ந்தது. வண்டி ஓடாமல் விளக்கு மட்டும் எரிந்தால் காட்ட வேண்டிய பக்கம் அதுதான்.

"பேட்டரி தலைகீழா இருந்தா முள்ளும் தலைகீழாத்தான் பேசும். வழியெல்லாம் நீங்க பார்த்தது ஏறின சார்ஜ் இல்ல, போயிட்டிருந்த சார்ஜ். கிடங்குக்குப் போறதுக்கு முன்னாடியே வண்டி முக்கால்வாசி செத்தாச்சு."

ஆட்கள் எல்லாரும் காரைச் சுற்றி வந்துவிட்டிருந்தார்கள். எல்லாரும் முள்ளைப் பார்த்தார்கள். முதலாளி விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார். பேட்டரி மாற்ற எதற்கு எலக்ட்ரீஷியன் என்று எனக்கு ஆள் அனுப்பாமல், வாழ்க்கை முழுக்க லாரிக்குச் செய்ததையே இதற்கும் செய்திருக்கிறார். நெகட்டிவ் பாடிக்கு. கிளாம்ப் இறங்கவில்லை என்றதும் சுத்தியல். இறங்காத எதையும் அவர் அப்படித்தான் இறக்குவார். அவரைப் பார்த்து எனக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்திருக்கும், விலா மட்டும் அப்படி வலிக்காமல் இருந்திருந்தால்.

பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் போனேன். முதல் கயிற்றை வெட்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"நில்லு."

முதலாளி காரைவிட்டு இறங்கி வந்தார். என்னை ஒதுக்கிவிட்டு மாப்பிள்ளையின் தலைமயிரைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார்.

"நான் பேட்டரி மாட்டினப்ப நீ பக்கத்துலதானே நின்ன? ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது நீதானே? வருஷக்கணக்கா ஓட்டற. எது எங்க மாட்டணும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியாதுன்னு சொல்லுடா என்று மனசுக்குள் கத்தினேன். "அவனுக்கு என்ன தெரியும்? ஸ்டியரிங் பிடிக்கத்தான் தெரியும்," என்று வெளியேயும் சொன்னேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

"தெரியும்," என்றான் மாப்பிள்ளை.

பிறந்ததிலிருந்து வாயே திறக்காதவன், திறக்கக் கூடாத நேரம் பார்த்துத் திறந்தான்.

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?"

"சொல்ல வந்தேன், மொதலாளி. 'மாத்தி மாட்டறீங்க'ன்னு ஆரம்பிச்சேன். சுத்தியலை ஓங்கினீங்க. சரின்னு விட்டுட்டேன்." கிழிந்த உதட்டால் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். "அப்புறமா நாமளே மாத்தி மாட்டிடலாம்னு நினைச்சேன். நீங்க பானட்டை மூடிட்டு, எவனாவது திறந்தா கையை ஒடிச்சிடுவேன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க. கேக்கறதுக்கு பயமா இருந்துச்சு."

"பயமா? உன் பயத்துக்கு என் தம்பியாடா?"

அப்போதுதான் அவர் கத்தினார். அதுவரை கத்தவே இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்த கத்தல். தகரக் கூரை அதிர்ந்தது. வீல் ஸ்பேனரைத் தலைக்கு மேல் ஓங்கினார். அது இறங்குகிற இடம் மாப்பிள்ளையின் மண்டை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் பாய்ந்தேன். விலா என்னைப் பாதியிலேயே மடக்கிப் போட்டது.

"மொதலாளி. நானும் பார்த்தேன்."

பீப்பாய்தான். பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றான்.

ஸ்பேனர் மேலேயே நின்றது.

"என்னடா சொன்ன?"

"நீங்க மாட்டினதை நானும் பார்த்தேன். இவனுக்கு முன்னாடி இந்தக் காரை ஓட்டினது நான்தானே. தப்பா மாட்டறீங்கன்னு அப்பவே தெரியும். வண்டி அதனாலதான் நின்னுச்சுன்னு நேத்தே தெரியும்."

முதலாளி அவன் பக்கம் திரும்பினார். குரல் இப்போது கீழே வந்துவிட்டது. "அப்ப ராத்திரியெல்லாம் இவனை ஏன்டா அடிச்ச?"

பீப்பாய் கேள்வி புரியாதவன் போல் விழித்தான். "நீங்க அடிக்கச் சொன்னீங்க," என்றான்.

அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. வீல் ஸ்பேனர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. சுற்றி நின்ற ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். இன்னும் யாருக்கெல்லாம் தெரியும் என்று தேடின மாதிரி இருந்தது. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்புறம் பீப்பாயின் கையிலிருந்து பெல்ட்டைப் பிடுங்கினார். முகத்தில் அடித்தார். மூக்கு உடைந்து ரத்தம் வந்தது. பீப்பாய் கையைத் தூக்கவில்லை, நகரவில்லை. அவன் நினைத்திருந்தால் அவரை ஒற்றைக் கையால் தூக்கி எறிந்திருக்கலாம். "சொல்லியிருக்கலாம்லடா! ஒருத்தன் சொல்லியிருக்கலாம்லடா!" என்று அடித்தார். சொன்னவன் கதி என்ன ஆகும் என்பதை அந்த பெல்ட்டே சொல்லிக்கொண்டிருந்தது. அவர் கையில் போட்ட தையல் பிரிந்து கட்டெல்லாம் சிவந்துபோனது. அப்போதும் நிறுத்தவில்லை.

நான் மிச்சக் கயிறுகளை வெட்டினேன். மாப்பிள்ளை என் மேல் சரிந்தான். விலா உடைந்தவனும் விரல் உடைந்தவனுமாக ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தோம். மீட்டரும் பையும் அங்கேயே கிடந்தன. திரும்பி எடுக்கத் தோன்றவில்லை. யாரும் எங்களைத் தடுக்கவில்லை. பின்னால் பெல்ட் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வாட்ச்மேன் கேட்டைத் திறந்தான். தங்கச்சி ஓடிவந்து மறுபக்கம் தோள் கொடுத்தாள். புருஷனின் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். கத்தவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை. முந்தானையால் அவன் வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தாள். "நடங்க. ரோட்டுக்குப் போனா வண்டி கெடைக்கும். ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்," என்றாள்.

கொஞ்ச தூரம் போனதும் அவன் நின்றுவிட்டான். ஷெட் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"என்னடா?" என்றேன்.

"சின்னவரு இன்னும் அங்க ஆஸ்பத்திரியிலதான் கெடக்காரு, மச்சான். வீட்டுக்குக் கொண்டு வரணும். மொதலாளிக்குக் கை ஆகாது. பீப்பாய்தான் அந்தக் காரை ஓட்டுவான், அவனையும் இப்படி அடிச்சா எப்படி ஓட்டுவான்? லாரியிலயா போட்டுக் கொண்டு வருவாங்க?" வலது கையை விரித்து மடக்கிப் பார்த்தான். "இந்தக் கை நல்லாத்தான் இருக்கு. மெதுவா ஓட்டினா, நான் வேணா..."

அவன் கேலி பண்ணவில்லை. உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தான். எனக்கு இருந்த எரிச்சலுக்கு அந்த ரோட்டிலேயே அவனைப் போட்டு மிதித்திருப்பேன். என் தங்கச்சி முந்திக்கொண்டாள். அவனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். கையை ஓங்கி, வீங்காத கன்னமாகப் பார்த்து பளாரென்று ஒன்று விட்டாள்.

ராத்திரி முழுக்க பெல்ட்டால் வாங்கியபோதும், விரல்களை ஒவ்வொன்றாக ஒடித்தபோதும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன் அவன். அந்த ஓர் அடிக்கு, ரோடு என்றும் பார்க்காமல் உட்கார்ந்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தான்.